இல்லாத வரியை வாசிப்பவர்கள்

2011 பெப்ரவரி 14, திங்கட்கிழமை காலை லண்டன் பங்குச் சந்தையின் பிரதான சந்தை புதியதொரு மென்பொருளில் திறந்தது. பெயர் மில்லேனியம் எக்ஸ்சேஞ்ச். எழுதியவர்கள் கொழும்புக்கு அருகே மாலபேயில் இருந்த மில்லேனியம் ஐடி நிறுவனத்தின் பொறியியலாளர்கள். 1996 இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தை லண்டன் பங்குச் சந்தை 2009 இல் 30 மில்லியன் டொலர் கொடுத்து வாங்கியிருந்தது. விண்டோஸின் மேல் ஓடிய ட்ரேட்இலெக்ட் என்ற பழைய முறைமையைக் கழற்றிவிட்டு, லினக்ஸின் மேல் ஓடும் இதை ஏற்றினார்கள். தொடக்கம் முழுக்கச் சுமுகமாக இருக்கவில்லை. பெப்ரவரி 25 அன்று வர்த்தகம் சில மணி நேரம் நின்றது. ஆனாலும் மென்பொருள் நிலைத்தது. அதற்கு நான்கு மாதம் முன்னர் டர்க்வாய்ஸ் என்ற சந்தையில் அது ஏறியபோது, ஓர் ஓர்டரைக் கையாள எடுத்த சராசரி நேரம் 126 மைக்ரோ செக்கன் என்று அறிவித்தார்கள். ஒரு செக்கனை ஏறத்தாழ எட்டாயிரம் துண்டாக வெட்டினால் அதில் ஒரு துண்டு.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கணினி படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய கதை இது. ஆனால் பங்குச் சந்தைகளைச் சுற்றி எழுந்த இந்த வேகப் போட்டி, கணினியின் அடியாழத்தில் ஒரு பழைய கேள்வியை மறுபடி கிளப்பிவிட்டது. ஒரு சாதாரணச் செய்நிரல், பணிசெயல் முறைமையைக் கேட்காமலே வன்பொருளைத் தொடலாமா? தொடலாம் என்றால், அந்த அனுமதியை எழுதிக் கொடுக்கும் சில நூறு வரிக் கோடை யார், எப்படிச் சரிபார்ப்பது? உலகின் கணினிப் பாதுகாப்பில் பெரும் பகுதி இந்த இரண்டாவது கேள்வியில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது என் திடமான எண்ணம். அதைப் பற்றித் தமிழில் பேசுவோர் மிகக் குறைவு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். செக்கனுக்கு 10 கிகாபிட் கடத்தும் வலையமைப்பு அட்டை இன்று சாதாரணப் பொருள். மிகச் சிறிய ஈதர்நெட் பொதி 64 பைட். பொதிகளுக்கு இடையே விடவேண்டிய இடைவெளி முதலியவற்றையும் சேர்த்தால் கம்பியில் அது 84 பைட் இடத்தைப் பிடிக்கும். அப்படியானால் அந்த அட்டைக்குச் செக்கனுக்கு 14.88 மில்லியன் பொதிகள் வந்து விழலாம். ஒரு பொதிக்குக் கிடைக்கும் நேரம் 67.2 நானோ செக்கன். 3 கிகாஹேர்ட்ஸ் புரொசசரில் அது ஏறத்தாழ இருநூறு துடிப்புகள் மட்டும். பிரதான நினைவகத்துக்கு ஒரு முறை போய் வருவதே இந்த நேரம் முழுவதையும் தின்றுவிடக் கூடும்.

இந்த நேரத்துக்குள் பணிசெயல் முறைமை வழக்கமாக என்ன செய்கிறது? பொதி வந்ததும் அட்டை புரொசசரை இடைமறிக்கிறது. பணிசெயல் முறைமையின் மையப் பகுதியான கேர்னல் விழித்து, பொதியை எடுத்து, தலைப்புகளைப் பிரித்து, உரிய செய்நிரலின் நினைவகத்துக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கிறது. செய்நிரல் ஒவ்வொரு முறையும் கேர்னலுக்குள் போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. இவ்வளவையும் 67 நானோ செக்கனுக்குள் முடிக்க வழியில்லை.

ஆகவே கேர்னலைச் சுற்றிக்கொண்டு போகும் வழிகளைக் கண்டுபிடித்தார்கள். பங்கு வணிகர்கள் சோலார்ஃபிளேர் அட்டைகளையும் அவற்றின் ஓபன்ஒன்லோட் மென்பொருளையும் நாடினார்கள். இன்டெல் நிறுவனத்தில் வெங்கி வெங்கடேசன் முன்னின்று உருவாக்கிய டிபிடிகே என்ற மென்பொருள் தொகுதி, சாதாரணப் புரொசசரை வைத்தே இத்தகைய வேகங்களை எட்டலாம் என்று காட்டியது. 2013 இல் அது திறந்த மூலத் திட்டமானது. 2017 இல் லினக்ஸ் பவுண்டேசனுக்குள் வந்தது. 2018 இல் வெங்கடேசன் மறைந்தபோது அவரை டிபிடிகேயின் தந்தை என்றே துறையில் நினைவுகூர்ந்தார்கள். இந்த வழிகள் எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றுதான்: அட்டையின் கட்டுப்பாட்டுப் பதிவகங்களையும் பொதிகள் வந்து விழும் இடத்தையும் செய்நிரலின் கண்ணுக்கு நேரே வைத்துவிடுவது. அதன் பிறகு கேர்னல் இடையில் வராது.

இது எவ்வளவு பெரிய விட்டுக்கொடுப்பு என்று விளங்க, கேர்னல் ஏன் இடையில் வந்தது என்று பார்க்க வேண்டும். புரொசசருக்கு அதிகாரப் படிகள் உண்டு. கேர்னல் மேல்படியில் ஓடுகிறது. எந்த முகவரியையும் படிக்கும், எழுதும். நாம் ஓட்டும் செய்நிரல்கள் கீழ்ப்படியில் ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனக்கென ஒதுக்கிய நினைவகம் மட்டுமே தெரியும். உலாவிக்கு வங்கி மென்பொருளின் நினைவகம் தெரியாது, வங்கி மென்பொருளுக்கு உலாவியின் நினைவகம் தெரியாது. அட்டை, வட்டு, திரை போன்ற சாதனங்களோடு பேசும் வேலை ட்ரைவர் எனப்படும் கோடுக்கு உரியது. அது கேர்னலுக்குள், மேல்படியில் ஓடுகிறது. ட்ரைவரில் ஒரு தவறு என்றால், அது மேல்படியில் நடந்த தவறு.

சாதனங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. வலையமைப்பு அட்டை புரொசசரின் உதவியில்லாமலே நினைவகத்தில் எழுதும். இந்த முகவரியில் போடு என்று ஓர் எண்ணைக் கொடுத்தால் அது அங்கே போடும். அந்த முகவரி யாருக்குச் சொந்தம், எந்தச் செய்நிரலின் இடம், கேர்னலின் இடமா என்று அட்டைக்குத் தெரியாது. ஆகவே அட்டையின் பதிவகங்களைக் கீழ்ப்படிச் செய்நிரல் ஒன்றின் கையில் கொடுத்துவிட்டால், அந்தச் செய்நிரல் அட்டையைக் கொண்டு கணினியின் எந்த மூலையிலும் எழுதுவிக்கலாம். புரொசசரின் அதிகாரப் படிகள் அங்கே செல்லாது. இதைத் தடுக்கத்தான் ஐஓஎம்எம்யு என்ற சுற்று இருக்கிறது. அது சாதனத்துக்கும் நினைவகத்துக்கும் நடுவில் நின்று, இந்தச் சாதனம் இந்த நினைவகப் பக்கங்களுக்கு மட்டும் போகலாம் என்று மட்டுப்படுத்துகிறது. இன்டெல், ஏஎம்டி புரொசசர்கள் கொண்ட இன்றைய கணினிகள் பெரும்பாலானவற்றில் அது உண்டு. இருப்பது வேறு, ட்ரைவர் அதைச் சரியாகப் பயன்படுத்துவது வேறு.

காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகளின் தொடர்மாடிகளை எண்ணிப் பாருங்கள். வருகிறவர் ஒவ்வொருவரையும் காவலாளி கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்து விடுவது ஒரு முறை. குடியிருப்பவர் கையிலேயே திறப்பைக் கொடுத்துவிடுவது இன்னொரு முறை. கொடுத்த பிறகு காவலாளி படியேறத் தேவையில்லை. வேகம் வருவது அதனால்தான். ஆனால் கொடுத்தது அந்த ஒரு வீட்டின் திறப்பா, எல்லா வீடுகளையும் திறக்கும் திறப்பா, வீட்டைக் காலி செய்து போகிறவரிடம் அதைத் திரும்ப வாங்கினோமா என்பவை, கொடுக்கும் நேரத்திலும் வாங்கும் நேரத்திலும் மட்டுமே கவனிக்க முடிந்தவை. இடையில் நடப்பது காவலாளிக்குத் தெரியவராது.

வன்பொருளை நேரே கொடுக்கும் ட்ரைவருக்கு அப்படி எஞ்சும் வேலை ஏறத்தாழ ஒன்றே ஒன்று: மறுப்பது. அதை மீளாய்வு செய்பவர் வழக்கமான கோடை வாசிப்பது போல வாசிக்க முடியாது. சாதாரண மென்பொருளில், எழுதியவர் செய்ய நினைத்ததைக் கோட் செய்கிறதா என்று பார்ப்போம். இங்கே, எழுதியவர் நினைத்தே பார்க்காத ஒருவன், நினைத்தே பார்க்காத எண்களோடு, நினைத்தே பார்க்காத நேரத்தில் வந்து கேட்டால் இது மறுக்கிறதா என்று பார்க்க வேண்டும். தவறு எழுதப்பட்ட வரியில் இருப்பதை விட, எழுதப்படாமல் விட்ட வரியில் இருப்பதே அதிகம். பக்கத்தில் இல்லாத ஒன்றை வாசிக்கும் பயிற்சி அது.

ஒரு சின்னக் கணக்கைக் காட்டுகிறேன். ஒரு சாதனத்தின் பதிவகப் பகுதி 65,536 பைட் என்று வைத்துக்கொள்வோம். இத்தனையாவது பைட்டிலிருந்து இத்தனை பைட் எனக்கு வேண்டும் என்று செய்நிரல் கேட்கிறது. ட்ரைவர் எழுதியவர் கவனமானவர்தான். தொடக்கத்தையும் நீளத்தையும் கூட்டிப் பார்த்து, 65,536 ஐத் தாண்டினால் மறுத்துவிடுகிறார். வாசிக்கும்போது குறை எதுவும் தெரியாது. இப்போது 32 பிட் எண்களில் தொடக்கம் 4,294,963,200 என்றும் நீளம் 8,192 என்றும் ஒருவன் கேட்கிறான். கூட்டினால் 4,294,971,392 வர வேண்டும். ஆனால் 32 பிட்டில் அடங்கக்கூடிய மிகப் பெரிய எண் 4,294,967,295. அதைத் தாண்டிய கூட்டல் சுற்றி வந்து வெறும் 4,096 ஆக நிற்கிறது. 4,096 நிச்சயமாக 65,536 ஐ விடச் சிறியது, சோதனை தேறிவிடுகிறது. முகவரிக் கணக்கும் அதே போலச் சுற்ற, அவன் கைக்குப் போவது சாதனத்தின் எல்லைக்கு முந்திய நினைவகப் பக்கம். அங்கே எது இருந்தாலும் இனி அவனுடையது.

திருத்தம் எளிது. முதலில் நீளம் மொத்த அளவைத் தாண்டவில்லை என்று பார்க்க வேண்டும். பிறகு மொத்த அளவிலிருந்து நீளத்தைக் கழித்து, தொடக்கம் அதைத் தாண்டவில்லை என்று பார்க்க வேண்டும். கூட்டலே இல்லை, ஆகவே சுற்றுவதற்கும் எதுவும் இல்லை. இரண்டு வரிகள். அனுபவமுள்ள மீளாய்வாளர் இத்தகைய இடங்களில் கூட்டல் குறியைக் கண்டதுமே நிற்பார். கேட்பவன் தந்த எண்கள் இரண்டைச் சோதிக்காமல் கூட்டக் கூடாது என்பது அவர் கண்ணில் ஊறிவிட்ட ஒன்று.

எண்ணுவதில் வரும் தவறின் விலையை 2024 ஜூலை 19 அன்று உலகம் பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு ட்ரைவர் 21 தரவுப் புலங்களை எதிர்பார்த்தது. அதற்கு வந்தவை 20. இருபத்தோராவதைத் தேடிப் போய் எல்லைக்கு வெளியே படித்தது. 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகள் விழுந்ததாக மைக்ரோசொஃப்ட் மதிப்பிட்டது. அது வன்பொருளை நேரே கொடுக்கும் ட்ரைவர் அல்ல; ஆனாலும் மேல்படியில் எல்லைச் சோதனை ஒன்று விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதை விடப் பெரிய சாட்சி கிடையாது.

சோதனை தவறாக இருப்பது ஒரு வகை. சோதனையே இல்லாமல் போவது இன்னொன்று. 2012 டிசெம்பரில் சம்சுங்கின் எக்ஸினோஸ் 4210, 4412 சில்லுகள் கொண்ட தொலைபேசிகளில், கலக்ஸி எஸ் 2, எஸ் 3, நோட் 2 போன்றவற்றில், எக்ஸினோஸ்-மெம் என்ற சாதனக் கோப்பு ஒன்றை ஆர்வலர் ஒருவர் கண்டுபிடித்தார். அதைத் திறக்கும் எந்தச் செய்நிரலும் தொலைபேசியின் பௌதிக நினைவகம் முழுவதையும் தன்னோடு இணைத்துக்கொள்ளலாம். எல்லை கிடையாது. கோப்பின் அனுமதியோ எவரும் படிக்கலாம், எவரும் எழுதலாம் என்று இருந்தது. தரவிறக்கிய ஒரு விளையாட்டு கூடக் கேர்னலையே திருத்தி எழுத முடிந்த நிலை. அவசரத்துக்கு அந்த அனுமதியைப் பூட்டிய சிலருக்குக் கமரா வேலை செய்யாமல் போனது. அதிலிருந்தே தெரிகிறது, ஓட்டை ஏன் வந்தது என்று: கமராவை வேகமாக ஓட்டக் குறுக்குவழி ஒன்று தேவைப்பட்டிருக்கிறது, கொடுத்த வழி வேண்டிய அளவை விட மிக மிகப் பெரியதாக இருந்திருக்கிறது. கெட்ட எண்ணம் எவருக்கும் இருந்திருக்க வேண்டியதில்லை. அந்தக் கோப்பைத் தங்கள் செய்நிரல் மட்டும்தான் திறக்கும் என்று எழுதியவர்கள் நம்பியிருந்தாலே போதும்.

என்னை மிகவும் யோசிக்க வைத்த தவறு 2016 இல் வெளியானது. இன்பினிபாண்ட் என்பது பெரிய கணினிக் கூடங்களில் கணினிகளை இணைக்கும் அதிவேக வலையமைப்பு. செய்நிரலிடம் வன்பொருளை நேரே கொடுப்பதே அதன் உயிர். லினக்ஸில் அந்த ட்ரைவரோடு பேசும் செய்நிரல், கோப்பில் எழுதும் சாதாரணக் கட்டளையைப் பயன்படுத்தியது. எழுதும் தரவுக்குள்ளேயே, பதிலை இந்த முகவரியில் போடு என்றொரு முகவரியும் இருக்கும். ட்ரைவர் கட்டளையை நிறைவேற்றி, அந்த முகவரியில் பதிலைப் போட்டுவிடும். பல ஆண்டு ஓடிய கோட் அது. எல்லைகளையும் சோதித்தது, எண்களையும் சோதித்தது.

ஆனால் கோப்பில் எழுதுதல் என்ற செயலுக்கு ஓர் இயல்பு உண்டு: ஒருவர் திறந்த கோப்பில் இன்னொருவர் எழுதலாம். திறந்த கோப்பை அடுத்த செய்நிரலுக்குக் கைமாற்றலாம். சில சுற்றுவழிகளில் கேர்னலே நம் சார்பில் எழுதும்படி செய்யலாம். அப்படி நடக்கும்போது, செய்நிரலின் நினைவகத்தில் விழவேண்டிய பதில், கேர்னலின் நினைவகத்தில், அதுவும் கேட்பவன் குறித்த இடத்தில் போய் விழும். கோடின் ஒவ்வொரு வரியும் சரி. இந்தக் கட்டளையை இப்போது கொடுப்பவர் யார் என்ற கேள்வி மட்டும் எங்கும் கேட்கப்படவில்லை. உடனடித் திருத்தமாக, கோப்பைத் திறந்தபோது இருந்த அடையாளமும் எழுதும்போது இருக்கும் அடையாளமும் ஒன்றுதானா என்று பார்க்கும் சோதனையைச் சேர்த்தார்கள். நிரந்தரத் தீர்வாக அந்த வழியையே கைவிட்டுப் புதிய வழிக்கு மாற வேண்டும் என்று திருத்தத்தோடேயே எழுதிவைத்தார்கள். எத்தனையோ கண்கள் பார்த்துக் கடந்து போன இடம். எந்த வரியும் தவறாக இல்லாத கோடில் தவறைக் காண்பது எவ்வளவு கடினம் என்பதை இதை விட நன்றாக உணர்த்திய சம்பவம் எனக்குத் தெரியாது.

அடுத்தது நேரம். செய்நிரல் ஒன்று அட்டையிடம், இந்தப் பக்கத்தில் பொதிகளைப் போடு என்று சொல்லிவிட்டு இறந்துவிடுகிறது. கேர்னல் அந்தப் பக்கத்தை மீட்டு வேறொரு செய்நிரலுக்குக் கொடுக்கிறது. அட்டைக்கு யாரும் சொல்லவில்லை. அது இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது. புதிதாக வந்தவரின் நினைவகத்தில் எங்கிருந்தோ வந்த பொதிகள் விழுகின்றன. இந்த வகைத் தவறைத் தேடிப் பிடிக்க மாதக்கணக்காகும், ஏனெனில் பாதிக்கப்பட்ட செய்நிரலின் கோடில் எந்தக் குறையும் இராது. ஆகவே கோப்பு மூடப்படும்போது ஓடும் பகுதியில் மீளாய்வாளர் வரிசையைப் பார்க்கிறார். முதலில் சாதனம் நிறுத்தப்படுகிறதா? நினைவகத்தில் எழுதும் அதன் உரிமை பறிக்கப்படுகிறதா? பக்கங்கள் அதற்குப் பிறகுதானே விடுவிக்கப்படுகின்றன? வரிசை மாறினால் எல்லா வரிகளும் இருந்தும் பயனில்லை.

லினக்ஸ் இதில் படிப்படியாகக் கற்றுக்கொண்டது. 2007 இல் யுஐஓ என்ற ஏற்பாடு கேர்னலில் சேர்ந்தது. சாதனத்தின் பதிவகங்களைச் செய்நிரலுக்குக் காட்டும்; சாதனம் நினைவகத்தில் எழுதுவதைக் காக்க அதில் எதுவும் இல்லை. 2010 இல் டொம் லயன் அந்தக் குறையை நிரப்ப விஎஃப்ஐஓ என்ற ஏற்பாட்டை முன்வைத்தார். அது உடனே ஏற்கப்படவில்லை. அலெக்ஸ் வில்லியம்சன் பொறுப்பெடுத்து, வடிவத்தை மாற்றி மாற்றி எழுதி, 2012 இல் வெளியான லினக்ஸ் 3.6 இல்தான் அது சேர்ந்தது. இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட மீளாய்வு. அந்தக் காலம் வீணாகவில்லை. ஐஓஎம்எம்யு ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காக்க முடியாத சாதனங்களை ஒரு குழுவாகவே கருத வேண்டும், குழு முழுவதும் பாதுகாப்பான கைகளில் வந்தால் ஒழிய அதில் ஒன்றைக்கூடச் செய்நிரலுக்குக் கொடுக்கக் கூடாது என்ற விதி அப்படித்தான் வந்தது.

பின்னர், ஐஓஎம்எம்யு இல்லாத கணினிகளிலும் விஎஃப்ஐஓ வேண்டும் என்று டிபிடிகே பயனர்கள் கேட்டார்கள். கொடுத்தார்கள், ஆனால் எப்படிக் கொடுத்தார்கள் என்பதைப் பாருங்கள். அதை இயக்கும் தெரிவின் பெயரிலேயே பாதுகாப்பற்றது என்ற சொல்லைப் பதித்தார்கள். இயக்கியதும், இந்தக் கேர்னல் கறைபட்டது என்ற குறி ஏறும்படி செய்தார்கள். பிறகு ஏதும் குழப்பம் என்று முறையிட வருபவரின் பதிவில் அந்தக் குறி தெரியும். மறுக்க முடியாத இடத்தில் ஒளிக்காமல் கொடுப்பது என்பது நல்ல மீளாய்வின் விளைவு. அவ்வளவு காவலோடு வளர்ந்த விஎஃப்ஐஓவிலும் 2016 இல் எண் சுற்றிவரும் தவறுகள் கண்டுபிடிக்கப்பட்டன. மீளாய்வு ஒரு நாளும் முடிவதில்லை.

இதெல்லாம் பெரிய கணினிக் கூடங்களின் கவலை என்று நினைக்க வேண்டாம். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் பாகம் பாகமாகத் தெரிந்தெடுத்துக் கணினி பூட்டும் பிள்ளைகள், விசிறியின் வேகத்தை மாற்ற, விளக்குகளின் நிறத்தை மாற்ற, கிராபிக்ஸ் அட்டையை உந்த என்று சின்னச் சின்ன மென்பொருள்களை ஏற்றுகிறார்கள். விசிறியும் விளக்கும் வன்பொருள். அவற்றைத் தொட மேல்படி அதிகாரம் வேண்டும். ஆகவே அந்த மென்பொருளோடு ஒரு ட்ரைவரும் சேர்ந்து ஏறுகிறது. அத்தகைய ட்ரைவர்கள் பலவும் செய்வது என்ன? கேட்கும் எவருக்கும் பௌதிக நினைவகத்தைப் படிக்கவும் எழுதவும் வழி விடுவது. எக்ஸினோஸ் கதைதான், உங்கள் மேசையில்.

கிகாபைட் நிறுவனத்தின் தாய்ப்பலகைகளோடு வந்த ஜிடிஆர்வி என்ற ட்ரைவரில் இத்தகைய ஓட்டை 2018 இல் வெளிப்பட்டது. 2020 பெப்ரவரியில் சோபோஸ் நிறுவனம் ஒரு தாக்குதலை விவரித்தது: ராபின்ஹூட் என்ற கப்பம் கேட்கும் மென்பொருள், கிகாபைட்டின் பாகம் எதுவும் இல்லாத கணினிகளுக்கும் அந்த ட்ரைவரைத் தன்னோடு கொண்டுவந்து ஏற்றியது. முறையான கையொப்பம் இருந்ததால் விண்டோஸ் அதை ஏற்றுக்கொண்டது. அதன் ஓட்டை வழியே மேல்படிக்குப் போய், வைரஸ் தடுப்பு மென்பொருளைக் கொன்றுவிட்டு, கோப்புகளைப் பூட்டியது. 2022 இல் எம்எஸ்ஐ ஆஃப்டர்பேர்னரின் ட்ரைவரைக் கொண்டு பிளாக்பைட் கும்பல் இதையே செய்தது. 2016 செப்டெம்பரில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 விளையாட்டோடு கேப்கொம் அனுப்பிய ட்ரைவரோ, கேட்பவன் கொடுக்கும் கோடை அப்படியே மேல்படியில் ஓட்டியது; எதிர்ப்பு எழுந்ததும் உடனே திரும்பப் பெற்றார்கள். 2025 மார்ச்சில் பல விசிறி மென்பொருள்கள் நம்பியிருந்த வின்ரிங்0 ட்ரைவரை விண்டோஸ் டிஃபெண்டர் ஆபத்தானது என்று பிடிக்கத் தொடங்கியது.

இவற்றில் ஒன்றுகூடக் கள்ளத்தனமாக எழுதப்பட்ட ட்ரைவர் அல்ல. எல்லாம் பெயருள்ள நிறுவனங்கள் விநியோகித்தவை அல்லது பலர் நம்பிப் பயன்படுத்தியவை. கையொப்பம் இதை எழுதியவர் யார் என்று சொல்லும். எதை மறுக்கும் என்று சொல்லாது. கப்பக்காரர்கள் எங்களுக்குத் தூரத்து ஆட்களும் அல்லர். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் வழங்கிகளைத் தாக்கியபோது, ஏறத்தாழ 5,000 முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் அழிந்தன. அங்கே காலாவதியான மின்னஞ்சல் மென்பொருள்தான் காரணமாகச் சொல்லப்பட்டது, ட்ரைவர் அல்ல. ஆனால் உள்ளே வந்தவன் எதைத் தேடுவான் என்று தெரிந்திருப்பது நல்லது. விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் பாதுகாப்பு அமைப்புகளில் கோர் ஐசொலேசன் பகுதிக்குப் போய், மெமரி இன்டெக்ரிட்டியும் ஆபத்தான ட்ரைவர்களைத் தடுக்கும் பட்டியலும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். விளக்கு நிறம் மாற்றும் மென்பொருள் தேவையில்லை என்றால் கழற்றிவிடுங்கள்.

திறந்த மீளாய்வும் ஏமாறக் கூடியதே. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வேண்டுமென்றே ஓட்டை வைத்த திருத்தங்களை லினக்ஸ் மீளாய்வாளர்களுக்கு அனுப்பிச் சோதித்தது தெரியவந்த பின்னர், 2021 ஏப்ரலில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பங்களிப்புகளையே நிறுத்தி வைத்தார்கள். வாசித்துக் கொடுக்கும் மனிதர்களின் நம்பிக்கையைச் சோதனைக்கூடப் பொருளாக்கியதில் எனக்கும் உடன்பாடு இல்லை. ஆனால் அதில் தெரிந்த உண்மை வேறு: வாசிப்பவர்கள் போதாது. ட்ரைவர்களோ கேர்னல் கோடின் மிகப் பெரிய பகுதி, அதுவும் நாளுக்கு நாள் வளரும் பகுதி.

அந்த வாசகர்களில் எங்கள் ஆட்கள் ஏன் கூடுதலாக இருக்கக் கூடாது? 2005 இல் தொடங்கிய கூகுள் சமர் ஒஃப் கோட் திட்டத்தில் பங்கெடுத்த மாணவர் எண்ணிக்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் பல ஆண்டுகள் உலகிலேயே முதலிடத்தில் இருந்தது. மாலபேயில் எழுதிய கோட் லண்டனின் சந்தையை ஓட்டியது. திறமைக்குப் பஞ்சமில்லை. ஆனால் எழுதுவதையே கற்றுக் கொடுக்கிறோம். இன்னொருவர் எழுதியதைச் சந்தேகத்தோடு வாசிக்கக் கற்றுக் கொடுக்கும் பாடம் எங்கள் பாடசாலைகளிலும் வகுப்புகளிலும் இல்லை. அதை நாங்களாகத்தான் தொடங்க வேண்டும்.

கணினி படிக்கும் பிள்ளைகளிடம் கேட்கிறேன்: லினக்ஸின் மூலக் கோட் முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. ஏதேனும் ஒரு சிறிய ட்ரைவரைத் திறவுங்கள். முழுவதையும் வாசிக்க வேண்டாம். நினைவகத்தைச் செய்நிரலோடு இணைக்கும் பகுதியையும், கோப்பு மூடப்படும்போது ஓடும் பகுதியையும் மட்டும் எடுங்கள். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு எண்ணையும் வட்டமிட்டு, அது எங்கே சோதிக்கப்படுகிறது என்று தேடுங்கள். சோதனை கிடைக்காத எண் ஒன்று இருந்தால், இன்னொரு முறை பாருங்கள். நண்பர் ஒருவரிடம் காட்டுங்கள். இன்னும் கிடைக்கவில்லை என்றால் பகிரங்கமாகப் போடாமல் கேர்னலின் பாதுகாப்புக் குழுவுக்கு எழுதுங்கள். அங்கே எழுத எந்தச் சான்றிதழும் கேட்கமாட்டார்கள்.